மீட்பதா, விடுவிப்பதா, அறவிடுவதா: கையை விட்டுப் போனதைக் கேட்க எந்தச் சொல்லை எழுதலாம்?

லீசிங்காரர் உழவு இயந்திரத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். காணிக்குள் முகாம் இருக்கிறது. மச்சான் இரவல் வாங்கின மோட்டார் சைக்கிள் திரும்பி வரவில்லை. நெல்லை ஏற்றிக்கொண்டு போன வியாபாரி காசு தரவில்லை. கட்டாக்காலி என்று பிடித்த மாடு பிரதேச சபையில் நிற்கிறது. வன்னியில் கடிதமோ முறைப்பாடோ எழுத உட்காரும் ஆட்களின் கதை பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். எல்லோரும் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள்: "இதை என்னெண்டு எழுதுறது?" மீட்டுத் தரவும் என்றா, விடுவிக்கவும் என்றா, களவு போய்விட்டது என்றா?

விஷயம் விளங்கினால் போதும், சொல் எதுவானாலும் சரி என்று நினைக்கக்கூடாது. நீங்கள் எழுதும் வினைச்சொல் இரண்டு காரியம் செய்கிறது. பொருள் யாருடையது என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுகிறது. கடிதத்தை எந்தக் கதவுக்கு அனுப்புவது என்பதையும் தீர்மானிக்கிறது. பிழையான சொல்லால் மாதக்கணக்கில் பிழையான வாசலில் நிற்கிறவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர்.

## எழுத முன்னர் பார்க்க வேண்டியவை

முதலாவது, பொருள் எப்படிக் கையை விட்டுப் போனது. நீங்களாக நம்பிக் கொடுத்ததா, விற்றதா, ஈடு வைத்ததா, ஆள் இல்லாத நேரத்தில் எடுத்ததா, தவறவிட்டதா, சட்டத்தின் பெயரால் அரசு எடுத்ததா? மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுதான் பெரியது. கோபம் எவ்வளவு என்பதை வைத்துச் சொல்லைத் தேர்ந்தால் "பறித்துவிட்டார்கள்" என்றுதான் வரும். பொருள் போன விதத்தை வைத்துத் தேர்ந்தால் சரியான சொல் வரும்.

இரண்டாவது, இன்றைய திகதியில் சட்டப்படி அது யாருடையது. உங்களிடம் இருந்ததெல்லாம் உங்களுடையது ஆகிவிடாது. உங்களிடம் இல்லாததால் அது உங்களுடையது இல்லாமலும் போகாது.

மூன்றாவது, வாசிக்கப் போகிறவர் யார். பொலிஸா, நீதவானா, பிரதேச செயலாளரா, வங்கியா, சொந்தக்காரரா? நான்காவது, காலம். சில சொற்களுக்குப் பின்னால் ஒரு தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. மரியாதையான சொல்லால் கேட்டுக் கேட்டுக் காத்திருப்பதற்குள் அது முடிந்துவிடலாம்.

## மீட்டல்

பொருள் இன்னும் உங்களுடையதே, ஒரு கடனுக்கோ தண்டத்துக்கோ பிணையாக இன்னொருவர் வைத்திருக்கிறார், அதைக் கட்டினால் அவர் தந்தே ஆகவேண்டும் என்ற நிலையில் இதுதான் சரியான சொல். ஈடு வைத்த நகையை மீட்கலாம். ஒற்றி வைத்த வயலை மீட்கலாம். கட்டாக்காலி மாட்டைத் தண்டம் கட்டி மீட்கலாம்.

நகையில் மறைந்திருக்கும் செலவு, வட்டியை மட்டும் கட்டித் தவணையைப் புதுப்பித்துக்கொண்டே போவது. சில வருடங்களில் கட்டிய வட்டியே நகையின் விலையை எட்டிப் பார்க்கும். "மீட்கப் போகிறேன்" என்று எழுதிக் கேட்பதற்கு முன் முதலும் வட்டியும் எவ்வளவு, ஏலத் திகதி எது என்று எழுத்தில் வாங்குங்கள். இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விலையும் கடனும் நெருங்கி இருந்தால், தாலி போல விட முடியாததை மட்டும் மீட்டு மற்றதை விற்பதே லாபம். மாட்டைப் பொறுத்தவரை, நாள் கூடக் கூடப் பராமரிப்புக் காசும் கூடும். குறியையும் அதற்குரிய சீட்டையும் அன்றே கொண்டுபோய்க் காட்டுவதுதான் மலிவு.

காணியில் இந்தச் சொல் ஆபத்தாகும் ஒரு இடம் இருக்கிறது. கடன் கொடுக்கிறவர் ஈட்டு உறுதிக்குப் பதிலாக, "குறித்த காலத்துக்குள் காசைத் தந்தால் திருப்பி எழுதித் தருவேன்" என்ற நிபந்தனையோடு அறுதியாகவே, அதாவது முழு விற்பனையாகவே, எழுதி வாங்குவார். வாய்ப்பேச்சில் இரண்டுக்கும் "மீட்கலாம்தானே" என்றே சொல்வார்கள். ஈட்டில் காணி உங்களுடையது, தவறினால் அவர் நீதிமன்றம் போய்த்தான் விற்க வேண்டும். நிபந்தனை அறுதியில் கையெழுத்து வைத்த அன்றே காணி அவருடையது, தவணை தவறினால் உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. அவசரத்துக்கு வேறு வழி இல்லையென்றாலும் ஈட்டு உறுதியையே கேளுங்கள். அவர் மறுக்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது வட்டியா காணியா என்று யோசியுங்கள்.

இன்னொன்று. வைத்திருப்பவர்களும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். போரின் முடிவில் வன்னியிலிருந்து இராணுவம் எடுத்த தங்கத்தின் ஒரு தொகுதி 2025 மே மாதத்தில் பொலிஸாரிடம் கொடுக்கப்பட்டது. அதை "மீட்கப்பட்ட தங்கம்" என்று எழுதினால், யாரிடமிருந்து யார் மீட்டது? அதற்குள் புலிகளின் வைப்பகங்களில் சனங்கள் ஈடு வைத்த தாலிக்கொடிகளும் இருக்கலாம். பழைய ரசீது கையில் உள்ளவர்கள் மனு எழுதும்போது அந்தப் பெயரை அப்படியே எடுத்து எழுத வேண்டாம். "நாம் ஈடு வைத்த எமது நகையை அடையாளம் கண்டு எமக்குக் கையளிக்கவும்" என்று எழுதுவதே பொருந்தும்.

## அறவிடல்

விற்றுவிட்டீர்கள், காசு வரவில்லை. இங்கே பலரும் "பொருளைத் திருப்பித் தரச் சொல்லுங்கோ" என்று எழுதுகிறார்கள். இது நியாயமான கோபம், ஆனால் பெரும்பாலும் வெல்லாத கோரிக்கை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, காசு வராத விற்பனையாளர் தன் கையில் இருக்கும்வரை பொருளைத் தடுத்து வைக்கலாம், வழியில் போய்க்கொண்டிருக்கும்போது மறிக்கலாம் (வாங்கியவர் கடன் கட்ட முடியாமல் முறிந்துபோன நிலையில்). கொடுத்து முடித்த பிறகு பொதுவாக மிஞ்சுவது விலையைக் கேட்கும் உரிமைதான். அதனால் சரியான சொல் "பாக்கியை அறவிடல்". கொடுத்த லான்ட்மாஸ்டரை இரவோடு இரவாகப் போய் எடுத்து வந்தால், களவுக் குற்றச்சாட்டில் நிற்பது நீங்களாக இருக்கும்.

ஒரு விதிவிலக்கு: "காசு முழுவதும் கட்டி முடியும்வரை உரிமை விற்பவருக்கே" என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் பொருளைக் கேட்கலாம். ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட படிவத்தோடு, வாகனம் விற்கிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். பெயர் மாற்றாத வாகனம் விபத்தில் சிக்கினால் தேடி வருவது உங்களைத்தான்.

அறவிடலின் பெரிய மறைசெலவு காலம். காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் 1871இல் வந்தது, இன்றைக்கும் அதுதான். கடைக் கொப்பியில் எழுதிய கடன், விற்றுக் கொடுத்த பொருளின் விலை இவற்றுக்கு வழக்குப் போட ஒரு வருடம்தான். எழுதாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம். "அடுத்த போகத்தோட தாறன் அண்ணை" என்று சொல்லிச் சொல்லியே அந்த ஒரு வருடம் கழிந்துவிடும். அதனால் நட்பாகக் கேட்டுக்கொண்டே, "இவ்வளவு தரவேண்டியிருக்கிறது" என்று ஒரு தாளில் அவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். அந்த ஒப்புதலோடு கணக்கு புதிதாக ஓடத் தொடங்கும். சிறிய தொகைகளுக்கு முதலில் இணக்கசபைக்குத்தான் போகவேண்டிவரும். அங்கேயும் அந்தத் தாள்தான் பேசும்.

## தொலைந்தது, களவு, நம்பிக்கை மோசடி

மூன்றும் பொலிஸுக்குப் போகும் சொற்கள். "தொலைந்தது" என்று எழுதினால் பதிவு நடக்கும், பிரதியைக் காட்டி அடையாள அட்டையோ வாகனப் புத்தகமோ புதிதாக எடுக்கலாம். தேடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆவணங்களுக்கு இது போதும். வாசலில் நிறுத்திய சைக்கிள் இல்லாமல் போனால் இந்தச் சொல் பிழை. வெட்கத்தாலோ "ஆரையும் சொல்லேலாது" என்ற தயக்கத்தாலோ தொலைந்தது என்று எழுதிவிட்டு, பிறகு ஆளைக் கண்டதும் களவு என்று மாற்றப் போனால் முதல் முறைப்பாடே உங்களுக்கு எதிராக நிற்கும்.

"களவு" என்பது உங்கள் சம்மதமில்லாமல் உங்கள் ஆட்சியிலிருந்து, அதாவது உங்கள் கைவசத்திலிருந்து, எடுத்தது. தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவு. நீங்கள் நம்பிக் கொடுத்தது அதற்குள் இலகுவில் வராது. மச்சான் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார் என்றால் அது 388ஆம் பிரிவில் சொல்லும் நம்பிக்கை மோசடி. அங்கே கொடுத்த திகதியும், கொடுத்ததைப் பார்த்த சாட்சியும், திருப்பிக் கேட்டு அவர் மறுத்த விதமும் வேண்டும். அதைக் களவு என்று எழுதினால், "நீதானே திறப்பைக் குடுத்தனி?" என்ற ஒரு கேள்வியோடு முறைப்பாடு சாய்ந்துவிடும்.

சொந்தத்துக்குள் என்றால் பொலிஸுக்கு முன் ஒரு கடிதம் நல்லது. அதில் குற்றச் சொல் எதுவும் வேண்டாம். "நீங்கள் இன்ன திகதியில் எடுத்துச் சென்ற என் மோட்டார் சைக்கிளை இந்த மாத முடிவுக்குள் திருப்பித் தாருங்கள்" போதும். உறவும் முறியாது, மறுத்தால் சாட்சியாகவும் நிற்கும்.

பொலிஸார் கண்டெடுத்த பொருளின் உரிமையாளர் தெரியாவிட்டால், நீதவான் அறிவித்தல் போட்டு ஆறு மாதத்துக்குள் உரிமை கோரச் சொல்லலாம். தொலைத்தவர்கள் நீதிமன்ற அறிவித்தல் பலகையை இடையிடையே பார்ப்பது வீண் வேலை அல்ல.

## லீசிங் வாகனம்

சனம் சொல்வது "தூக்கிட்டாங்கள்", "சீஸ் பண்ணிட்டாங்கள்". வலி அப்படித்தான் பேச வைக்கும். கடிதத்தில் அது எடுபடாது, ஏனென்றால் 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழான லீசிங்கில் தவணை முடியும்வரை உரிமையாளர் கொம்பனிதான். "என் வாகனத்தைக் களவெடுத்தார்கள்" என்ற முறைப்பாடு அதனால்தான் நகர்வதில்லை. அடித்தார்கள், மிரட்டினார்கள், வளவுக்குள் அத்துமீறி வந்தார்கள் என்றால் அது வேறு குற்றம். அதை அந்தச் சொற்களாலேயே, வாகனத்தைக் கலக்காமல், தனியாக எழுதுங்கள்.

கொம்பனிக்குப் போகும் கடிதத்தில் கேட்க வேண்டியவை: முழுக் கணக்கு விபரம், பாக்கியைப் பிரித்துக் கட்ட ஒழுங்கு, அதுவரை விற்காமல் வைத்திருக்க உறுதி. பதில் இல்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கோ முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனுக்கோ போகலாம்.

வாகனத்தை எடுக்கும்போது நீட்டும் தாளில் "நானாகவே ஒப்படைக்கிறேன்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். தாங்களாகக் கொண்டுபோய்க் கொடுப்பதில் நன்மையும் உண்டு. எடுக்கும் கூலி, தரிப்பிடக் காசு மிச்சம், பேசவும் இடம் கிடைக்கும். ஆனால் ஒப்படைத்தால் கடன் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். விற்று வந்த காசு காணாவிட்டால் மிச்சத்தைக் கேட்பார்கள். "ஒப்படைப்போடு கடன் முழுதும் தீர்ந்தது" என்று எழுதித் தந்தால் மட்டும் அந்தச் சொல்லில் கையெழுத்திடுவது லாபம். தராவிட்டால் "கொம்பனி அலுவலர்கள் எடுத்துச் சென்றனர்" என்று திருத்தி, வாகனத்துக்குள் இருந்த சாமான்களையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

## விடுவித்தலும் கையளித்தலும்

நீதிமன்றத்தில் நிற்கும் வாகனத்துக்கு "விடுவித்தல்" மிகச் சரியான சொல். மணல் ஏற்றியதாக உழவு இயந்திரம் கைப்பற்றப்பட்டால், உரிமையாளர் நீதவானிடம் பிணைமுறியில் விடுவிக்கக் கேட்கிறார். எடுத்தது சட்ட நடவடிக்கை, அது முடியும்வரை தன்னிடம் இருக்கட்டும் என்பதே கோரிக்கை. "அரசுடைமையாக்கல்" வருவதற்கு முன் கேட்க வேண்டும். காட்டுக் கட்டளைச் சட்டத்தில் வாகனம் சிக்கினால், குற்றம் செய்தது சாரதி, அதைத் தடுக்கத் தான் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாக உரிமையாளர் காட்ட வேண்டும். "எனக்குத் தெரியாது" என்று மட்டும் எழுதினால் போதாது.

காணிக்கு இதே சொல்லை எழுதுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். "எமது காணியை விடுவித்துத் தரவும்" என்று எத்தனையோ மனுக்களில் இருக்கிறது. பத்திரிகையும் அப்படியே எழுதுகிறது. விடுவிப்பது வைத்திருப்பவரின் செயல், அவர் வைத்திருந்தது முறைதான் என்ற தொனி அதற்குள் வந்துவிடுகிறது. நடைமுறையில் இதைவிடப் பெரிய செலவும் உண்டு. விடுவிப்பு ஏக்கர் கணக்கில் எண்ணப்படுகிறது. எந்த ஏக்கர், யாருடையது, அரச காணியா தனியார் காணியா, கிணறும் தென்னையும் இருந்த பக்கமா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் மறைந்துவிடும். "மீளக் கையளித்தல்" என்றால் ஒரு ஆள் இன்னொரு ஆளிடம், எல்லை காட்டி, கடுதாசியோடு கொடுக்க வேண்டும்.

"மீள்குடியேற்றம்" இன்னும் வழுக்கும். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம் மூடப்பட்டபோது, இராணுவம் ஊரை வைத்திருந்த கேப்பாப்புலவு மக்கள் சீனியாமோட்டையில் கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள். கோப்பில் அது மீள்குடியேற்றம். ஊரவர்களுக்குத் தங்கள் ஊரின் வேலிக்கு வெளியே இருப்பது. பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி முடிவில் வீதியில் குந்திப் போராடத் தொடங்கி, மார்ச் 1ஆம் திகதி தங்கள் காணிக்குள் போனபோது, வேறு இடம் வேண்டாம், சொந்த நிலம்தான் வேண்டும் என்பதில் அவர்கள் இறங்கவேயில்லை. கடற்படை வைத்திருந்த இரணைதீவின் மக்கள் 2018 ஏப்ரல் 23ஆம் திகதி தாங்களே படகேறித் தீவுக்குப் போனார்கள். எதை எழுதினாலும் "எமது சொந்தக் காணி" என்ற சொல்லும், உறுதி அல்லது அனுமதிப்பத்திர இலக்கமும், நான்கு எல்லையும் இருக்கட்டும். இவை இல்லாவிட்டால் மாற்றுக் காணியைத் தந்து கோப்பை மூடலாம்.

அடுத்தது, காணி சும்மா பிடிக்கப்பட்டதா, சட்டப்படி சுவீகரிக்கப்பட்டதா என்று பிரித்துப் பாருங்கள். வட்டுவாகலில் கடற்படை முகாமுக்கான 617 ஏக்கரை அளக்க வந்தபோதெல்லாம் சனம் போய் மறித்ததன் காரணம், அளவீடு முடிந்தால் பிடித்திருப்பது சுவீகரிப்பாக மாறிவிடும் என்பதுதான். சுவீகரிப்பு முடியாத காணியை நீங்களே "சுவீகரிக்கப்பட்ட எமது காணி" என்று எழுதுவது பெரிய இழப்பு. "எமது சம்மதமின்றிக் கையகப்படுத்தி வைத்திருக்கும்" என்று எழுதுங்கள். உண்மையிலேயே சுவீகரிப்புக் கட்டளை வந்திருந்தால், 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் 39அ பிரிவு இருக்கிறது. நட்டஈடு கொடுக்கப்படவில்லை, பொதுத்தேவைக்குப் பயன்படுத்தவில்லை, அபிவிருத்தி எதுவும் செய்யவில்லை, திருப்பி ஏற்க உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்கிறார் என்றால் அமைச்சர் அதைத் திருப்பித் தரலாம். அந்த நான்கையும் கடிதத்தில் வரிசையாக எழுதுங்கள்.

காலத்தையும் மறக்க வேண்டாம். அரசு நடவடிக்கையால் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

பக்கத்துக் காணிக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டார் என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். 66ஆம் பிரிவு என்று எல்லோரும் சொல்லும் ஆரம்ப நீதிமன்ற வழக்கில், உறுதி யார் பெயரில் என்பதைவிட யார் ஆட்சியில் இருந்தார்கள் என்றே பார்ப்பார்கள். வெளியேற்றிய நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் வழக்கு தாக்கலாக வேண்டும். "என் காணியை மீட்டுத் தரவும்" என்று எழுதுவதைவிட "இன்ன திகதிவரை நான் ஆட்சியில் இருந்தேன், இன்ன நாள் வெளியேற்றப்பட்டேன்" என்ற ஒரு வரிக்கு அங்கே வலு அதிகம்.

## உரிமை கோரல்

2025 மார்ச் 28ஆம் திகதி வந்த 2430ஆம் இலக்க வர்த்தமானி வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரச் சொன்னது, இல்லாவிட்டால் அரச காணி. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. இப்படியான அறிவித்தல் வந்தால் வேண்டுகோள் கடிதம் பயன்படாது. "உரிமை கோருகிறேன்" என்ற சொல்லும் ஆவணப் பிரதியும் தவணைக்குள் போய்ச் சேர வேண்டும்.

## ஒரே பார்வையில்

| சொல் | எப்போது பொருந்தும் | யாரிடம் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| மீட்டல் | ஈடு, ஒற்றி, தண்டத்துக்குப் பிடித்த மாடு | வங்கி, கடன் தந்தவர், பிரதேச சபை | வட்டி, ஏலத் திகதி, நிபந்தனை அறுதி |
| அறவிடல் | விற்ற பொருளின் காசு வராதபோது | இணக்கசபை, மாவட்ட நீதிமன்றம் | கொப்பிக் கடனுக்கு ஒரு வருடம் |
| தொலைந்தது | ஆவணங்கள், தவறவிட்டவை | பொலிஸ் | தேடுதல் நடக்காது |
| களவு | சம்மதமின்றி எடுத்தது | பொலிஸ் | நம்பிக் கொடுத்ததற்குப் பொருந்தாது |
| நம்பிக்கை மோசடி | நம்பிக் கொடுத்தது | பொலிஸ் | கொடுத்ததற்குச் சாட்சி வேண்டும், உறவு முறியும் |
| விடுவித்தல் | வழக்கில் நிற்கும் வாகனம் | நீதவான் | காணிக்கு எழுதினால் உரிமை மங்கும் |
| மீளக் கையளித்தல் | அரசிடமுள்ள சொந்தக் காணி, நகை | பிரதேச செயலகம், அமைச்சு, ஆணைக்குழு | ஆவணமும் எல்லையும் தேவை |
| ஒப்படைத்தல் | தவணை கட்ட முடியாத லீசிங் வாகனம் | கொம்பனி | மிச்சக் கடன் தொடரும் |

"மீளப்பெறல்" இதில் இல்லை. எங்கும் பொருந்தும், யாரையும் குற்றம் சொல்லாது, அதனாலேயே எதையும் அசைக்காது. எப்படிப் போனது என்று உண்மையிலேயே தெரியாத பொருளுக்கு மட்டும் அதை எழுதலாம். முள்ளிவாய்க்கால் பக்கம் விட்டுவந்து, பிறகு குவியலாகக் கிடந்த மோட்டார் சைக்கிள்களுக்கு அது பொருந்தியது.

ஒரு காரியத்துக்கு இரண்டு சொல் தேவைப்படுவதும் உண்டு. லீசிங்காரர் அடித்துவிட்டு வாகனத்தை எடுத்தால் பொலிஸுக்கு ஒன்று, கொம்பனிக்கு ஒன்று. ஒரே கடிதத்தில் இரண்டையும் போட்டால் ஒவ்வொரு அலுவலகமும் மற்றதைக் காட்டிவிடும். இரண்டையும் தனித்தனியாக எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். பெரிய தொகையோ காணியோ என்றால் எழுத முன்னரே சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவில் காசில்லாமலே பார்த்துத் தருவார்கள்.